ஐம்பது ரூபாய் மழை

மலைப் பக்கம் கறுத்தால்
மதியச் சோற்றை அவசரமாக முடிப்பேன்.
ஏற்காட்டில் நாலு மணிக்குப் பெய்வது
ஐந்தரைக்கு எங்கள் ரோட்டில் முழங்கால் ஆழம்.
செம்மண் கலரில்
சவுக்கு இலை, காபித் தோல் எல்லாம் சுமந்து வந்து
போக வழியில்லாமல் நிற்கும்.
பால் கேன் கட்டிய டிவிஎஸ்,
கிழங்கு மில்லில் ஷிப்ட் முடிந்த பெண்களின் ஸ்கூட்டி,
நடுத்தண்ணியில் இருமி அணையும்.
தள்ளிக்கொண்டு என்னிடம்தான் வர வேண்டும்.
ப்ளக்கைத் துடைத்து, சைலன்சரைக் கவிழ்த்து
வண்டிக்கு ஐம்பது.
போன ஐப்பசியில் மகள் பீஸில் பாதி
இப்படிக் கட்டியது.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை வார்டு மெம்பர் கந்தாயி
கடப்பாரையோடு வந்து நின்றார்.
சந்துக்குள் ஜேசிபி நுழையாது,
மூடியைத் தூக்கி நாமே அள்ளணும் என்றார்.
அள்ளிடலாம் என்றோம் எல்லோரும்.
எட்டுப் பேர் நெம்பி முதல் மூடியைப் புரட்டினோம்.
பிறகு அத்தனை தலையும்
ஒரே பக்கம் திரும்பியது,
யாரும் சொல்லாமலே.

அங்கே மாரப்பன்
பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார்.
"மூணு தலைமுறையா நாங்க எறங்கியாச்சு.
இன்னிக்கு வேடிக்கை பாக்கறது எங்க முறை."
சிரிக்காமல்தான் சொன்னார்.
கொசுச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

கந்தாயி சேலையை இழுத்துச் சொருகினார்.
இதற்கு மேல் நிற்பது அசிங்கம் என்று
நான் செருப்பைக் கழற்றினேன்.
"வெறுங்கால்ல எறங்காத, பாட்டில் சில்லு கெடக்கும்"
என்றார் மாரப்பன்.
"பஞ்சாயத்து ரூம்ல பூட்ஸ் இருக்கு.
வாங்கி ரெண்டு வருசம்.
எனக்குத் தந்ததில்ல."

அட்டைப் பெட்டி பிரிக்காமல் இருந்தது.

முதல் மூடிக்கு அடியில்
மில் கொட்டிய திப்பி, சிமெண்டாய் இறுகி.
ரெண்டாவதில்
காதுகுத்து பிளெக்ஸ் ஒன்று,
அரைமுகத்தோடு சிரிக்கும் தாய்மாமன்.
யாருடையது என்று கேட்டால்
எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது.
மூன்றாவதில் சட்டி மண்வெட்டி எதிலும் வராமல்
எதுவோ இழுத்துப் பிடித்தது.
கையை விட்டேன்.
டியூப்.
கறுப்பு டியூபில் சிவப்பு ஒட்டு,
நாலு மூலையும் வளைத்து வெட்டியது.
இந்த ஊரில் அப்படி வெட்டுகிறவன்
ஒரே ஒருத்தன்.

பதினோரு டியூப்.
கந்தாயி எண்ணினார்,
என்னைப் பார்க்காமல்.
அடுத்த மூடிக்கு நகர்ந்தார்.

செவ்வாய் சாயங்காலம் மலை கறுத்தது.
ஸ்பேனரோடு வாசலில் நின்றேன், பழக்கம்.
தண்ணி வந்தது,
மூலையில் ஒரு சுற்று சுற்றியது,
தொண்டையில் கஞ்சி இறங்குவதுபோல் மடமடவென்று
உள்ளே போனது.
பால் வண்டி நிற்காமல் கடந்தது.
ஹாரன் வேறு அடித்தான்.

பூட்ஸை இன்னும் திருப்பித் தரவில்லை.
இடது காலில் சில்லு கிழித்து விரல் நீளத்துக்கு ஓட்டை.
மாரப்பன் சைஸ் எட்டாம், கேட்டுவிட்டேன்.
பூட்ஸும் எட்டுதான்.
டியூபில் ஒரு துண்டு வெட்டி
சொல்யூஷன் தடவி
காய வைத்திருக்கிறேன்.