சாரம் கட்டும் தேதி

அதெரித்தோவுக்கு ஒரு சொல் போதும்.
கருப்பு உழவாரனா, வெளிர் உழவாரனா.
கருப்பு என்றால் ஆகஸ்ட் முதல் வாரம் சாரம் கட்டலாம்.
வெளிர் என்றால் இரண்டாம் ஈடு குஞ்சு வைக்கும்,
அக்டோபர் முடியும்வரை
ஒரு ஓட்டை நகர்த்தக்கூடாது.
நாலு ஆள் கூலி, வாடகைக்கு எடுத்த இரும்புக் குழாய்கள்,
அப்புறம் மழை.
"ரெண்டும் ஒண்ணுதானே, டோனா இலிதியா?"

தவிராவின் பழைய உப்புக் கிடங்கு.
கூரை விளிம்பில் பதினேழு பொந்து எண்ணி
சுவர் வரைபடத்தில் எண் போட்டிருக்கிறேன்.
கையேடு சொல்கிறது:
வெளிருக்குத் தொண்டை வெள்ளை கொஞ்சம் பெரிது,
இறக்கை நுனி கொஞ்சம் மழுங்கல்,
தலை கொஞ்சம் அகலம்,
சிறகடிப்பு கொஞ்சம் நிதானம்.
இத்தனை கொஞ்சத்தையும்
கண் இமைப்பதற்குள் கிடங்கைத் தாண்டிவிடும் ஒன்றில்
வெயிலுக்கு எதிரே நின்று பார்க்க வேண்டும்.

வானத்தில் வைத்தால் எதுவும் கரிதான்.
ஆற்றுப்பக்கம் தாழ்ந்து
பாலத்தின் நிழல் பின்னால் வரும் அரை நொடியில்
ஒன்று பழுப்பாகத் தெரிந்தது.
எழுதினேன்.
ஏழு மணி வெயிலில் எல்லாமே பழுப்பாகத் தெரிந்தன.
அடித்தேன்.

குரலை நம்பு என்றார்கள்.
கருப்பின் கத்தல் மெல்லிசு, கம்பி இழுத்த மாதிரி.
வெளிரின் கத்தல் சற்றுக் கனம்,
இரண்டு அசை, முடிவில் ஒரு சரிவு.
எனக்கு இது புரியும்.
தொலைபேசியில் என்னையும் ஒதீலியாவையும்
அம்மாவே மாற்றிக் கூப்பிடுவாள்.
ஒதீலியா சொல்லின் வாலைக் கீழே விட்டுவிடுவாள்.
அவ்வளவுதான் வித்தியாசம்.
அவள் லக்ஸம்பர்க் போய்ப் பதினோரு வருடம்.

ஜூலை இருபத்தெட்டு வரை
கிடங்கைச் சுற்றி ஒரே கூச்சல், பந்தயம்.
இருபத்தொன்பது காலை
யாரோ ரேடியோவை அணைத்தாற்போல இருந்தது.
அதெரித்தோ காபி வாங்கி வந்தார்,
எனக்கும் சேர்த்து.
"போயாச்சு" என்றார்.
நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதப்போனேன்.
கருப்பு. பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்.

அவர் கோப்பையை மதில்மேல் வைத்தார்.
எடுத்தார். மறுபடி வைத்தார்.
"நீங்க கீழேயிருந்து பாக்கறீங்க.
முப்பது வருசமா நான் கூரைமேல குப்புறப் படுத்து
கீழ பாக்கறேன்.
முதுகு தெரியும் எனக்கு.
இந்தத் தெருப்பக்கம் பறந்ததெல்லாம் காபிச் சக்கை நிறம்.
முற்றத்துப் பக்கம் ஆறாவது, பதினொண்ணாவது பொந்து,
அது செருப்புத்தோல் நிறம். முதுகெல்லாம் செதில் மாதிரி.
போன வருசமும் அப்படித்தான்."

போன வருசமும்.
ஒவ்வொரு நாளும் கழுத்து நோக நான் நின்றதை
ஏணிக்குப் பக்கத்திலிருந்து
பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.
கோபம் வந்தது. கேட்கவில்லை.
அந்த ஒரு வாக்கியம் அவருக்கு
எத்தனை யூரோ என்று எனக்குத் தெரியும்.

நாற்காலி போட்டு முற்றத்தில் உட்கார்ந்தோம்.
வெயில் சுவரில் பாதி இறங்கிய பிறகு
ஒன்று வந்தது, நிற்கவேயில்லை,
ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே
கடிதம் போல நுழைந்தது.
உள்ளேயிருந்து கனத்த குரல். இரண்டு அசை. சரிவு.
"பதினொண்ணு" என்றார் அதெரித்தோ.

நகராட்சிப் படிவத்தில் இனத்துக்கு ஒரே கட்டம்.
கோடு கிழித்து இரண்டாக்கினேன்.
தெருப்பக்கம் ஆகஸ்டில் சாரம் ஏறியது.
முற்றத்துப் பக்கம் தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டு
நாலு ஆளில் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார்.

அக்டோபர் பதினெட்டு, நல்ல மழை.
என் கைப்பேசியில் ஒரு குரல் பதிவு,
அவர் எண்ணிலிருந்து.
பேச்சே இல்லை.
தகரக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்,
அதற்கு மேலே, ஒரு தடவை மட்டும், அது.
ஒதீலியாவுக்கு அனுப்பினேன்.
"என்ன இது, நீ இருமுறியா?" என்று கேட்டாள்.