இரண்டாம் வளைவில் ஐயம்

பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்கள்.
நான்கு பேர், நான்கு சுற்று,
இடப்பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்த ஓட்டம்.
மெத்தனால் நெடியும் செங்கல் நிறப் புழுதியும்
போலந்தின் அந்தச் சிற்றூரில்
ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு பெயர்.
தேவாலயத்தை மறந்தவர்களும்
சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பியபடி
இரண்டாம் வளைவுக்கு வந்துவிடுவார்கள்,
கழுத்தில் கறுப்பும் மஞ்சளுமாய்த் துணி.

அங்கே முரசு அடிப்பவன் வித் கோர்சித்சா.
அவன் அடித்தால் நாலாயிரம் பேர் கைதட்டுவார்கள்.
நிறுத்தினால் நிறுத்துவார்கள்.

மே மாதம் ஒருநாள் நிறுத்தினான்.
ஹானியா என்றான். நான்கு வயது என்றான்.
முதுகுத்தண்டில் நரம்பு வாடிக்கொண்டே வருகிறது,
ஒரே ஓர் ஊசி, அமெரிக்காவில்,
தொண்ணூறு லட்சம் ஸ்லோட்டி.
சொல்லும்போது குரல் உடைந்தது.
உடைந்தது உண்மைதான்,
அதை இன்றுவரை யாரும் மறுக்கவில்லை.

வாளி பிடித்தவள் போகுமீவா.
ரொட்டி ஆலையில் இரவு வேலை.
வெள்ளையடித்து மிச்சமான வாளி,
மூடியில் அவளே கத்தியால் கீறிய வாய்.
கோடை முழுக்க அது தின்றது.
போன மாதம்தான் இவர்கள் பேருந்தின்
கண்ணாடியை உடைத்த எதிரணிக்காரர்களும்
கம்பிவேலி இடுக்கில் நோட்டை மடித்து நீட்டினார்கள்.

விடியலில் வீடு திரும்பி
சமையல் மேசையில் கொட்டி எண்ணுவாள்:
ஸ்லோட்டி, க்ரோஷி, வழிதவறிய ஒரு செக் நாணயம்,
சட்டைப் பொத்தான், விதைத் தோல்,
ஆகஸ்டில் ஒரு கல்யாண மோதிரம்.
ஆண் விரலின் அளவு. உள்ளே ஒரு தேதி, பெயர் இல்லை.
பணத்தை எடுத்துப் போன வித்
மோதிரத்தை மட்டும் தள்ளிவிட்டான்:
'இது உன்னிடமே இருக்கட்டும்.'
உப்பு ஜாடிக்குள் போட்டு வைத்தாள்.

செப்டம்பரில்
ஒரு தயிர் விளம்பரத்தில் ஹானியா சிரித்தாள்,
கொழுகொழுவென்று, கையில் கரண்டியோடு.
வித்தின் வீட்டில் திரைச்சீலைகூட மிச்சமில்லை.
முரசு மட்டும் வளைவில் கிடந்து நனைந்தது.

மோதிரம் போட்டவர் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று
மூன்று வாரம் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.
ஏமாந்தவன் நான் என்று
நாலாயிரம் பேர் நடுவே கைதூக்க
யாருக்கு மனம் வரும்?

போகுமீவாவை ஒருவரும் திட்டவில்லை.
விதை விற்பவள் மட்டும்
மீதிச் சில்லறையை அவள் உள்ளங்கையில் வைத்து
இரண்டு முறை எண்ணிக் காட்டினாள்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்கிறோம்.
பாத்திரம் ஒரு வாளி.
பிடித்திருந்தவள் நல்லவள்.
இனி எதை அறிவது?

ஏப்ரல். பருவத்தின் முதல் பந்தயம்.
முதல் வளைவில் கசியன், பத்தொன்பது வயது,
காற்றுத் தடுப்பைத் தாண்டி மரத்தில் மோதினான்.
எல்லோர் கண்ணெதிரே.
முதுகெலும்பு என்றது மருத்துவமனை.

அடுத்த ஞாயிறு புது வாளி வந்தது,
உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக்,
பூட்டு, முத்திரை, நகராட்சி எண்.
போகுமீவாதான் பிடிக்க வேண்டும் என்றார்கள்.
ஏன் என்று அவளும் கேட்கவில்லை.
பைக்குள் போன கைகள்
பைக்குள்ளேயே இருந்தன.

உப்பு ஒட்டிய மோதிரத்தை அவள் முதலில் போட்டாள்.
காலி வாளியில் அது விழுந்த சத்தம்
மூன்றாம் வரிசைவரை கேட்டது.

பிச்சைக்கும் சந்தேகத்துக்கும்
ஐயம் என்ற ஒரே சொல்லை வைத்தவர்கள்
இப்படியொரு வளைவில் நின்றிருப்பார்கள் போல.

கிரேன் ஓட்டுபவர் மாதிரி இருந்த ஒருவர் வந்தார்.
குனிந்து வாளியின் அடியை
நெடுநேரம் பார்த்தார்.
இடக்கை மோதிர விரலை
வலக்கைக்குள் மூடிக்கொண்டார்.
பிறகு இருபது ஸ்லோட்டி நோட்டொன்றை
அதன்மேல் விழும்படி மெல்ல விட்டார்.

'பையனுக்கு நிஜமாகவே முதுகு ஒடிந்ததா?'

'நாம் எல்லோரும் பார்த்தோமே.'

'பார்த்தோம்,' என்றார்.
'இருந்தாலும் கேட்கிறேன்.'