கணினி என் பெயரை எடுத்த வருடம்

பாயான் லெப்பாஸ். விடிகாலை மூன்று பத்து.
முகக்கவசத்தைக் கழற்றினால்
எல்லார் மூக்கிலும் ஒரே சிவப்புக் கோடு.
கேண்டீனில் ஆறிப்போன மீ கோரேங்,
சீனி தூக்கலாய் தே ஓ.

புது இயந்திரம் பொருத்த வந்த கொரியர் மின்ஹோ
பதினெட்டு மாதம் என்றார்.
வடக்கு எல்லையில், காவல் கோபுரத்தில்.
குளிரில் இமைமயிர் ஒட்டிக்கொள்ளுமாம்.
காதலி பதினோராம் மாதம் வரை எழுதினாளாம்.
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.

ஹாட்யாய்க்காரன் அனுச்சா சிரித்தான்.
எங்களுக்குச் சீட்டு.
ஏப்ரல் வெயில், பள்ளிக்கூட மைதானம்,
ஜாடிக்குள் கையை விடவேண்டும்.
கறுப்பு வந்தால் வீட்டுக்கு,
சிவப்பு வந்தால் பட்டாளத்துக்கு.
எனக்கு முன்னால் நின்றவன் கறுப்பெடுத்து
மயங்கி விழுந்தான்.
அவன் அம்மா என் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.
ஜாடியில் என் கை அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வருடம், என்றான் சிங்கப்பூர் வெய் லியாங்,
வீட்டு வாடகையைச் சொல்வதுபோல.
முடிந்தும் முடியாது அது.
இன்னும் கூப்பிடுகிறார்கள்,
தொப்பைக்காக மூன்றுமுறை கால்சட்டை மாற்றியாயிற்று.

என் அக்கா மகன் ஈசூனில் இருக்கிறான்.
அத்தான் நிரந்தரவாசத் தாள் வாங்கியபோது
தொட்டிலில் கிடந்தான்.
கடப்பிதழ் இன்றும் மலேசியாதான்,
அடுத்த மாதம் தலையை மழிப்பது மட்டும் அவர்கள்.
இதை நான் அங்கே சொல்லவில்லை.

"நல்லவேளை, உங்களுக்கு இதெல்லாம் இல்லை,"
என் பக்கம் திரும்பினார் மின்ஹோ.
பெண் என்பதாலா, இந்த நாடு என்பதாலா, தெரியவில்லை.

நான் போயிருக்கிறேன், என்றேன்.

இரண்டாயிரத்து ஐந்து. எனக்குப் பதினெட்டு.
ஜாடி இல்லை எங்களுக்கு, கணினி.
எங்கள் அடுக்குமாடியில் அந்த வயதில் நாற்பது பேர்,
அதற்கு என்னைத்தான் பிடித்தது.
அப்பா என் அடையாள அட்டை எண்ணை
மூன்றுமுறை தட்டிப் பார்த்தார்,
நாலாம் முறை ஆண்பிள்ளை பெயர் வருமென்பதுபோல.

மூன்று மாதம். நீல வரிச்சட்டை.
ஒரே விடுதியறையில்
கிளந்தான் ஹஜார், ஈப்போ ஊய் லிங்,
சிபுவிலிருந்து வந்த இபான் பெண், குறட்டை விடுகிறவள்.
மற்ற நாடுகளில் எதிரியைக் காட்டுவார்களாம்.
எங்களுக்கு எங்களையே காட்டினார்கள்:
இவள் இன்னாள், இவளோடு சாப்பிடு.
சாப்பிட்டோம். சண்டையும் போட்டோம், குளியலறை வாளிக்கு.
சுடப் பத்துக் குண்டு கொடுத்தார்கள்.
ஏழு மண்மேட்டில் புதைந்தது,
மூன்று அடுத்தவள் அட்டையில்.
சான்றிதழ் ஊய் லிங்குக்கு.

அனுச்சா மேசையைத் தட்டிச் சிரித்தான்.
மூன்று மாதமா, அது சுற்றுலா, என்றான் வெய் லியாங்.
இருக்கலாம்.
என் மகனுக்கு அதுவும் இல்லை, நாற்பத்தைந்து நாள்தான் பேச்சு.
கைப்பேசி கொண்டுபோகலாமா என்று மட்டும் கேட்டான்.

வெந்நீர் பிடிக்க வந்த நேப்பாளக் காவலாளி
ஹர்க்க பஹதூர்
பிளாஸ்கை மூட மறந்து நின்றிருந்தார்.
நான் கேட்டுப் போனேன், என்றார் மலாயில்.
நெற்றிப் பட்டையில் கூடை,
கூடையில் இருபத்தைந்து கிலோ மணல்,
மேலே ஏறி ஓடவேண்டும், வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு.
முதல் வருடம் கால் பிசகிற்று.
இரண்டாம் வருடம் பல்லில் ஓட்டை என்றார்கள்.
மூன்றாம் வருடம் பதினோரு விநாடி.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
மின்ஹோ நாற்காலியை இழுத்துப் போட்டார்.
வேலை நேரம், என்று அவர் உட்காரவில்லை.

ஏழு மணிக்குத் தொழிற்சாலை பஸ் வாசலைத் தாண்டுகையில்
சல்யூட் வைத்தார், லாரிகளுக்கு வைப்பதுபோலவே,
குதிகால் ஒட்டி, விரல்கள் புருவ நுனியில்.
என் கை பாதி எழுந்தது.
பக்கத்துச் சீட்டுக்காரி பார்த்ததும்
தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன்.