இழுக்க ஓர் இடம்

ஆற்றில் தண்ணீர் இல்லை, கோட்டையில் ராஜா இல்லை என்று
எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் சொல்வார்கள்.
என் எஸ்டீமையும் அதில் சேர்க்கலாம்:
ஏசி இல்லை, பின்சீட் இல்லை, பாட்டுப்பெட்டி இல்லை,
நம்பர் பிளேட் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை.
கழற்றக் கழற்ற ஓடும் என்றார் ஃபைரோஸ்.
கழற்றினோம். ஓடியது.

போன மாதம் இருங்காட்டுக்கோட்டையில்
பரிசோதிக்க வந்தவர் காரை ஒரு சுற்று சுற்றி
முன்னால் வந்து குனிந்தார்.
“எங்க பிடிச்சு இழுக்கிறது?”
கம்பெனி வைத்த கொக்கியை
பம்பரோடு எடைக்குப் போட்டிருந்தோம்.
அறுநூறு கிராம் குறைந்தது என்று
அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கியதும் நான்தான்.

அதனால் கொணவட்டம்,
மே மாதத்து ஞாயிறு, மதியம் இரண்டு மணி.
பைபாஸில் போகிற ஒவ்வொரு லாரியும்
ஷெட் தகரத்தை ஒரு தடவை தட்டிவிட்டுப் போகிறது.
எட்டு மில்லி தகட்டில் அறுத்த புதுக் கொக்கி
தரையில் கிடக்கிறது, கையில் எடுத்தால் சுடுகிறது.
நான்கு விரலும் சேர்ந்து நுழைகிற துளை.
இந்தக் காரில் வேகத்துக்காக இல்லாத ஒரே சாமான்.
மற்றதெல்லாம் ஜெயிப்பேன் என்று நம்பி வாங்கியது,
இது மட்டும்
மணலில் புதைவேன் என்று நம்பி.

பற்றவைக்க நல்ல இரும்பு வேண்டும்.
சேஸிஸ் நுனியில் ஃபைரோஸ் கிரைண்டரை வைத்தார்.
பொறி பறக்கவில்லை.
வெள்ளைத் தூள் பறந்தது.
அவர் மெஷினை நிறுத்த
நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

பட்டி.
முழங்கை நீளத்துக்குப் பட்டி.
அடியில் திணித்திருந்த செய்தித்தாளில்
ஜவுளிக்கடை விளம்பரப் பெண் ஒருத்தி
பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கீறல் படாத வண்டி என்று
கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்த
குடியாத்தம் புரோக்கர் லோகுவுக்குப் போன் போட்டேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் என் வேலை எக்ஸ்ரே எடுப்பது.
‘நான் விழவே இல்ல சிஸ்டர்’ என்பவர்களின் பழைய முறிவை
நாளுக்கு நாலாவது பார்க்கிறேன்.
எலும்புக்கு மறைக்கத் தெரியாது,
கூடிய இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு வைத்திருக்கும்.
இரண்டு வருஷம்
இந்த மூக்கை நீட்டிக்கொண்டு
நூற்று நாற்பதில் வளைவுக்குள் போயிருக்கிறேன்.
கடைசி நொடிவரை பிரேக் மிதிக்காததை
என் தைரியம் என்று நினைத்திருந்தேன்.
பஞ்சு மாதிரி இருந்தது, விரல் வைத்தால்.

ஃபைரோஸ் ஒன்றும் சொல்லவில்லை.
அழுகியதை வெட்டிக்கொண்டே பின்னால் போனார்,
ஒரு சாண், இன்னொரு சாண், மேலும் நாலு விரல்.
அங்கே வந்தது பொறி,
மஞ்சளாக, சடசடவென்று, என் செருப்பு வரைக்கும்.
“இங்கதான் மேடம் கார் ஆரம்பிக்குது.”

புதுத் தகட்டைப் பெட்டியாக மடித்து,
பற்றவைத்து, அதன்மேல் கொக்கி.
பார்க்காதீர்கள் என்றார், பார்த்தேன்.
ராத்திரி பத்து மணிக்கும் கண்ணில் பச்சைப் புள்ளி மிதந்தது.

உத்தரத்துச் செயின் பிளாக்கை இறக்கி
கொக்கியில் மாட்டி
சங்கிலியை இழுத்தார் கரகரவென்று.
முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டன.
தாடையைப் பிடித்துத் தூக்கினாற்போல
என் கார் தொங்கியது.
“சந்தையில மீன் தூக்கிக் காட்டுற மாதிரி இருக்குக்கா,”
ரேடியேட்டர் கடைப் பையன் சிராஜ்.
யாரும் சிரிக்கவில்லை.
தையல் எங்காவது முனகுகிறதா என்று
காது கொடுத்து நின்றோம், டீ ஆறிப்போகும் வரை.

விதிப்படி கொக்கி சிவப்பாக இருக்க வேண்டும்.
பெயிண்ட் டப்பா காய்ந்து கல்லாகியிருந்தது.
கைப்பையில் கிடந்த நகப்பூச்சை எடுத்து
இரண்டு கோட் அடித்தேன், துளையின் உள்விளிம்பு உட்பட.

பில்லில் கொக்கிக்கு இருநூற்றைம்பது.
தகடு, ராடு, கரண்டு தனியாக.
பட்டி சுரண்டிய கூலியைக் காணோம்.
கேட்டேன்.
“அதை லோகுகிட்ட வாங்கிக்கிறேன்,” என்றார்
ஸ்பேனரைத் துடைத்தபடி.

செய்தித்தாள் துண்டை மட்டும் எடுத்து வந்தேன்.
ஆடித் தள்ளுபடி, ஐம்பது சதவீதம்.
எந்த வருஷத்து ஆடி என்பது
கிழிந்த மூலையோடு போயிருந்தது.