மே/பா

பெருந்துறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசை,
பேக்கரிக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில்
ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மழைநாளில் மட்டும்
தாளைக் கடித்துக்கொள்ளும் பிரிண்டர்.
பயோடேட்டா பக்கம் இருபது ரூபாய்.
முதல் வேலைக்குப் போகிறவர்களிடம் வாங்குவதில்லை.
சம்பளம் வந்ததும் ஒரு தேங்காய் பன்.
பாதிப்பேர் தந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை கூட்டம்.
சிப்காட் கேட்டில் அட்டை தொங்கும்: ஆட்கள் தேவை.
எந்த ஆட்கள் என்று அட்டையில் இருக்காது.

துளசிமணிக்கு ஒன்பது வருடம் காலி.
"அப்போ என்னங்க பண்ணீங்க?"
"சும்மாதானுங்க இருந்தேன்."
சும்மா என்றால் என்னவென்று கேட்டேன்.
விடிகாலை நாலு மணிக்கு இரண்டு எருமை,
சொசைட்டிப் பால், அதன் கணக்கு நோட்டு,
படுத்துவிட்ட மாமனாருக்கு இன்சுலின்,
பையனுக்கு ஏழாம் வாய்ப்பாடு.
எல்லாவற்றையும் அடித்தேன், வருடம் போட்டு.
"இது நானுங்களா?" என்று
தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

செக்கிங்கில் எடுத்துக்கொண்டார்கள்.
எதிரில் நின்று அதே துணியைப் பார்க்கும் ஆணுக்கு
நாளுக்கு எழுபது ரூபாய் கூட.
கேளுங்க என்றேன்.
"மொதல்ல பேரு பதியட்டுமுங்க."
மூன்றாம் மாதம் கேட்டாள். முப்பது ஏறியது.
மீதி நாற்பதை
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒடிசாவிலிருந்து வந்த பிஜய்,
நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் விரலை வைத்து
"நிரந்தரம்னா?" என்றான்.
விளக்கப்போய் நானும் குழம்பினேன்.

முகவரிதான் சிக்கல்.
காலனி என்று ஒரு சொல் இருந்தால்
தாள் முதல் மேசையைத் தாண்டாது.
அது எனக்குத் தெரிய நான்கு வருடம் ஆனது.
யாரும் தப்பாக ஒன்றும் பேசுவதில்லை,
மரியாதை குறைவதில்லை.
"ஊர்ல எந்தப் பக்கமுங்க?"
அவ்வளவுதான்.

அதனால் ஒருநாள்
மே/பா என்று போட்டு என் கடையை அடித்தேன்.
14/2, கடைவீதி.
கேட்டதும் தலையாட்டுகிற முகவரி.
அப்பன் வழியில் எனக்கு வந்தது,
பரீட்சை எழுதி வாங்கியதல்ல.
பிறகு ஆர்டர்கள் என் கடைக்கே வந்தன,
சிலருக்கு ஏடிஎம் கார்டும்.

போன வருடம் ஒரு கம்பெனியிலிருந்து போன்:
"ஏனுங்கம்மா, பதினாலு பை ரெண்டுல
நாப்பத்தியொரு பேரு குடியிருக்காங்களா?"
"பெரிய குடும்பமுங்க."
அவரும் சிரித்தார்.
சிரித்து முடித்து,
யார் யாரென்று பட்டியல் கேட்டார்.
லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

சிந்துஜா வந்தது ஒரு சாயங்காலம், மழைக்குச் சற்று முன்.
பி.காம்., டேலி, முதல் வகுப்பு.
கை வழக்கம்போல மே/பா அடித்தது.
"அதை எடுத்துருங்கக்கா."
"வேலை கெடைக்க வேண்டாமா கண்ணு?"
"கெடைச்சப்புறம்? கம்பெனி வண்டி ராத்திரி
என்னை எங்க எறக்கிவிடும்? உங்க கடையிலயா?"

பதில் இல்லை என்னிடம்.
அவள் சொல்லச் சொல்ல அடித்தேன்:
கதவு எண், தெற்கு வளவு, புதுக்காலனி.
திரையில் எட்டிப் பார்த்து
"காலனிக்கு ஒரு கால் விட்டுப்போச்சுங்க" என்றாள்.
போட்டேன்.

இருபது ரூபாயை மேசையில் வைத்தாள்.
முதல் வேலைக்கு வாங்குவதில்லை என்றேன்.
"பரவாயில்ல, வாங்கிக்கங்க."
தாளைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு
தூறலில் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மூன்று வாரம் ஆகிறது.
தபால்காரர் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம்
எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

அவளுக்கு வந்திருந்தால்
இங்கே வராது.