எட்டுப் பெட்டி

பதினாலு பேர் சேர்ந்து பேசிய லாரி அது.
ஒருநாள் விட்டு ஒருநாள்
எங்கள் தக்காளி கோயம்பேடு போகும்,
வாடகை பெட்டிக் கணக்கில் பிரியும்.

அன்றைக்கு இடமில்லை என்று
சித்தம்மாளின் எட்டுப் பெட்டியை
மாரண்டஹள்ளி ரயில்வே கேட்டோரம் இறக்கி வைத்தார்கள்.
எட்டுதானே, என்றார்
நோட்டு எழுதும் மாதையன்.

நான் கத்தினேன்.
கத்தியதில் பாதி அவளுக்காக.
மீதி, மூன்று வருடமாக
என் கணக்கில் மாதம் ஒரு பெட்டி காணாமல் போவதற்காக.
உங்க லாரியும் வேணாம் சகவாசமும் வேணாம் என்று
என் இருபத்திரண்டையும் இறக்கினேன்.
யாராவது கையைப் பிடித்துத் தடுப்பார்கள் என்று
கொஞ்சம் மெதுவாகத்தான் இறக்கினேன்.

க்ளீனர் பையன் மட்டும்
கடைசிப் பெட்டிக்கு ஒரு கை கொடுத்தான்.

அப்புறம் டாட்டா ஏஸ்.
முழு வாடகையும் என் தலையில்.
கிலோ ஆறு ரூபாய்க்கு விழுந்த வாரம்
டீசலுக்கே தக்காளி போதவில்லை.
வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை,
அதைச் சத்தமாகவே சொல்லாமல் இருந்தாள்.

லாரி என் கொல்லையைத் தாண்டித்தான் போக வேண்டும்.
ராத்திரி பதினொன்றுக்குப் புளியமரத்தடியில்
பழைய பழக்கத்தில் டிரைவர் ஹாரன் அடித்தார்.
ஜெயித்தவன் போலப் போர்வைக்குள் கிடந்தேன்.
அடுத்த நடையிலும் அடித்தார்.
மூன்றாம் நடையில் அடிக்கவில்லை.
அன்றைக்குத்தான் தூக்கம் போனது.

பதினாலு பதின்மூன்றானது, வேறென்ன.
என் இடத்தில் யாரோ
முட்டைக்கோஸ் மூட்டை போடுகிறார்களாம்.

பாலக்கோட்டுச் சந்தையில் சித்தம்மாளைப் பார்த்தேன்.
இப்போ ஏத்துறாங்களா?

"நீ போனப்புறம் மூணு லோடு
பயந்துகினு ஏத்துனாங்க.
நாலாவதுக்கு மறுபடியும் இறக்குனாங்க.
இப்போ நானே பின்கதவைப் புடிச்சுகினு கத்துறேன்.
பெட்டி ஏறுனாத்தான் கையை எடுப்பேன்."

அன்னிக்கே நீயும் வந்திருக்கலாமே, என்றேன்.

"உனக்குக் கோவம் இருந்துச்சுண்ணா.
எனக்கு எட்டுப் பெட்டி இருந்துச்சு."

சொல்லிவிட்டு
பச்சைமிளகாய் ஒன்றை ஒடித்து மோந்து பார்த்து
விலை குறைக்கச் சொல்லிச் சண்டைக்குப் போய்விட்டாள்.

மூன்று லோடு. இருபத்துநாலு பெட்டி.
அவ்வளவு என்னுடையது.
கொஞ்சமா, நிறையவா,
எந்த நோட்டில் எழுதுவது என்று தெரியவில்லை.

இன்றைக்குப் பறித்ததில் பதினெட்டுப் பெட்டி தேறியது.
புளியமரத்தடியில் அடுக்கியிருக்கிறேன்.
ஏஸ்காரனுக்கு இன்னும் போன் போடவில்லை.
பதினொன்றாகப் போகிறது,
டார்ச் கையில் இருக்கிறது,
அணைத்துத்தான் வைத்திருக்கிறேன்.