வெளி இலை

தோட்டப்பாளையத்தில் தோட்டம் கிடையாது.
எங்கள் லாட்ஜ் மொட்டைமாடியில் நாலு பெயின்ட் வாளி,
அடியில் ஓட்டை.
ஓட்டை போட்டவள் நூற்றியேழு,
பிமலா தாமாங், காலிம்போங்,
புருஷனுக்குக் கிட்னி.

ரிஜிஸ்டரில் 'வந்த காரணம்' என்ற கட்டத்தில்
எல்லோருக்கும் ஒரே சொல்தான் எழுதுகிறேன்.
சிகிச்சை.
அவள் கைப்பையில் வந்த விதையை
எந்தக் கட்டத்தில் எழுத?

முண்டும் முடிச்சுமாய், கொத்தமல்லியைவிடக் கொஞ்சம் பெரிசு.
கார்த்திகை மழை விட்ட மறுநாள் ஊன்றினாள்.
ஒரு விதைக்கு மூன்று முளை,
ஒருத்தர் பேரில் அறை எடுத்து
மூன்று பேர் தங்குவதுபோல.
இரண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.
நான் அப்படிச் செய்ய முடியுமா,
எக்ஸ்ட்ரா பாய்க்கு எண்பது ரூபாய் வாங்குவேன்.

பேர் கேட்டேன். ஸ்விஸ் சார்ட் என்றாள்.
சார்ட் என்றால் இந்தத் தெருவில்
கட்டில் கால்மாட்டில் தொங்கும் அட்டை.
அதற்கு இப்படி மஞ்சளிலும் ரோஸிலும்
தண்டு முளைத்து நான் பார்த்ததில்லை.

டயட் சீட்டில் கீரைக்கு நேரே கோடு அடித்திருந்தது.
கேட்டுக் கெஞ்சி அவனுக்கு ஒரு பிடி வாங்கியிருந்தாள்,
வாரம் ஒரு தரம்.
நறுக்கி, கொதிக்கவிட்டு, வடித்து,
மறுபடி கொதிக்கவிட்டு, மறுபடி வடித்து.
சத்தெல்லாம் போய்
நனைந்த துணிமாதிரி இருக்கும் அதை
அவன் மெதுவாகத்தான் சாப்பிடுவான்.
வடித்த சிவப்புத் தண்ணீர்
ஆறியதும் வாளிக்குத் திரும்பிப் போகும்.

அவளுக்குத் தமிழ் வராது. எனக்கு இந்தி,
"ரூம் காலி நஹி" வரைக்கும்.
பறிக்கும் விதத்தைக் கையில்தான் சொன்னாள்.
பெருவிரலையும் சுண்டுவிரலையும் மடக்கினாள்,
அது எடு.
நடுவே நின்ற மூன்றையும் இன்னொரு கையால் பொத்தினாள்,
இது விடு.

மாசியில் கணக்கு முடித்தார்கள்.
அன்றைக்கு எனக்கு வாலாஜாவில் கல்யாணம்.
போன ஆள் இரண்டா ஒன்றா
என் தம்பி கவனிக்கவில்லை.
சாவி கொக்கியில் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு வந்த தன்பாத் டீச்சர்
பாலக் என்று பறித்தார்.
பாங்குரா பையன் தங்கைக்கு சூப் வைத்தான்.
நம்ம போளூர் கன்னியப்பன்,
பீட்ரூட் இருக்கும் என்று
ஒரு வாளியை அப்படியே பிடுங்கிப் பார்த்துவிட்டு
"ஏமாத்திட்டீங்களேம்மா" என்று என்னிடமே சண்டை.

மிச்சத்தில் நானும் சமைத்தேன்.
தண்டு தனி, இலை தனி, அது முக்கியம்.
தண்டைப் பயத்தம்பருப்போடு முதலில் போடு,
பருப்பு மலரும்போது இலை.
நாலு பல் பூண்டு, கிள்ளின மிளகாய்,
மத்தால் இரண்டே சுற்று.
கேழ்வரகுக் களியில் குழி பறித்து ஊற்றினால்
மண் வாசனை அடிக்கிறது என்கிறான் தம்பி.
அடிக்கட்டுமே.
பருப்பு ரோஸ் நிறமானதற்கு
ஒரு வாரம் கிண்டல் செய்தான்.

அக்னி நட்சத்திரம் இரண்டு வாளியைத் தின்றது.
தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒன்று தப்பியது.
போன வாரம் அதன் நடுவில்
தடித்து ஒரு தண்டு மேலே போகிறது,
மலைமேல் கோட்டைச் சுவரை
எட்டிப் பார்க்கப் போவதுபோல.
இலையெல்லாம் சின்னதாகி, வாயில் கசப்பு.

ரிஜிஸ்டரில் நம்பர் இருந்தது.
மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அடித்தேன்.
"வேலூர் லாட்ஜ். சார்ட். பீச் மே லம்பா."
அவள் சிரித்தாள்.
"பூல். மத் காட்டோ. பீஜ் ஆயேகா."

பின்னால் குக்கர் விசில் அடித்தது.
எத்தனை பேருக்கு வைத்திருக்கிறாய் என்று கேட்க
எனக்கு இந்தி போதவில்லை.
இரண்டாவது விசிலுக்கு அவள் போனை வைத்துவிட்டாள்.

தண்டு காற்றில் சாய்கிறது.
நூற்றியேழின் பழைய துண்டைக் கிழித்து
தொட்டிக் குழாயோடு கட்டியிருக்கிறேன்.